ஐரோப்பாவுல வாத நோய்க்காக யாரு பேசறாங்க, நாம என்ன பண்ணலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. ஜெர்மனியில இருக்கேன், இங்க நோயாளிகள் சங்கத்தோட உள்ளூர் கிளையில வாலண்டியரா வேலை பாக்கறேன். அக்டோபர் 12 உலக ஆர்த்ரைட்டிஸ் தினத்துக்கு நாங்க ஸ்டால் போடும்போதும் சரி, கோயில் திருவிழாவுல யாராவது என் விரல பாத்துட்டு பேச்சு கொடுக்கும்போதும் சரி, நம்ம ஆளுங்க கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் சேத்து எழுதிட்டேன்.

வாத நோய்னா வயசானவங்களுக்கு வர்ற மூட்டு வலிதானே?

இல்லங்க. மூட்டுத் தேய்மானம் அதுல ஒண்ணு, அவ்வளவுதான். மூட்டு, எலும்பு, தசை, தசைநார்னு பாதிக்கிற நோய் 200-க்கும் மேல இருக்கு. யூரிக் அமிலம் மூட்டுல படிஞ்சு வர்ற கவுட், எலும்பு மெலியறது, நாள்பட்ட முதுகு வலி எல்லாம் ஒரு பக்கம். உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்ப தாக்குற ருமட்டாய்டு, லூபஸ், முதுகெலும்ப விறைக்க வைக்கிற ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ், தோல் இறுகிப்போற ஸ்க்லீரோடெர்மா எல்லாம் இன்னொரு பக்கம். இந்த ரெண்டாவது வகை இருபது முப்பது வயசுலயே வரும், குழந்தைக்கும் வரும். லூபஸ் வந்தவங்கள்ல பத்துக்கு ஒன்பது பேரு பொம்பளைங்க.

நம்ம பாஷையில 'வாதம்'னு சொன்னாலே ஒண்ணு பக்கவாதம்னு நினைக்கறாங்க, இல்ல வாயுன்னு நினைச்சு பூண்டு சாப்பிடுன்னு சொல்றாங்க. எங்க அம்மாவே முதல் ஒரு வருஷம் போன்ல உருளைக்கிழங்க நிறுத்துன்னுதான் சொன்னாங்க. அவங்க மேல தப்பில்ல, யாரும் அவங்களுக்கு வேற மாதிரி சொல்லல.

எத்தனை பேருக்கு இருக்கு?

எல்லா வகையும் சேத்து ஐரோப்பாவுல 12 கோடி பேருக்கு மேலன்னு ஐரோப்பிய வாத நோய் கூட்டமைப்பான யூலார் சொல்லுது, அதாவது நாலு பேருக்கு ஒருத்தர். உலக அளவுல 170 கோடி பேருக்கு ஏதோ ஒரு எலும்பு தசை பிரச்சினை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஊனத்தோட வாழற வருஷங்கள கணக்கு பாத்தா உலகத்துலயே முதல் இடம் முதுகு வலிக்குத்தான்.

இவ்வளவு பேருக்கு இருந்தா அரசாங்கம் கவனிக்காமலா இருக்கும்?

கவனிக்கறாங்க, ஆனா கடைசியா. ஏன்னு கொஞ்சம் பொறுமையா சொல்றேன், மத்த எல்லாமே இதுலதான் நிக்குது.

ஹெல்த் பாலிசி எழுதறவங்க கையில எப்பவும் ஒரு பட்டியல் இருக்கும். தொற்றா நோய்னு பேசும்போது உலக சுகாதார நிறுவனம் ரொம்ப வருஷமா நாலத்தான் முன்னாடி வெச்சுது: இதய நோய், கேன்சர், நுரையீரல் நோய், சர்க்கரை. 2018-ல மனநலத்தையும் சேத்தாங்க. அந்த பட்டியல் சாவு எண்ணிக்கைய வெச்சு போட்டது. ஐரோப்பிய யூனியனோட நிர்வாக அமைப்பான ஐரோப்பிய கமிஷன் 2021-ல கேன்சர் திட்டம் கொண்டுவந்தாங்க, 400 கோடி யூரோ ஒதுக்கினாங்க, நல்ல விஷயம்தான். அதே வருஷம் டிசம்பர்ல 'ஒன்றாய் ஆரோக்கியமா இருப்போம்'ங்கற மாதிரி ஒரு பேர்ல தொற்றா நோய்களுக்கான முயற்சி ஒண்ண ஆரம்பிச்சாங்க, அதுல அஞ்சு பிரிவு. நோய்க்கான பொதுக் காரணங்கள், இதயமும் ரத்தக்குழாயும், சர்க்கரை, நுரையீரல், மனநலமும் நரம்பும். எண்ணிப் பாருங்க, நமக்குன்னு ஒரு பிரிவு கிடையாது. நாலுல ஒருத்தருக்கு இருக்கற நோய்க்கு தலைப்பு கூட இல்ல.

பிரிவு இல்லன்னா என்ன ஆகும்னா, பணம் ஒதுக்கும்போது பேரு வராது, ஆராய்ச்சிக்கு அழைப்பு விடும்போது வராது, நாடுங்க திட்டம் அனுப்பும்போது நம்ம நோய எந்த டப்பாவுல போடறதுன்னு தெரியாம விட்டுடுவாங்க. யாரும் வேணும்னு பண்றது கிடையாது, அதுதான் கஷ்டமே, சண்டை போடக்கூட எதிர்ல ஆள் இருக்காது.

இன்னொண்ணு, நம்ம நோய் ஆள கொல்லாதுங்கறதும் முழு உண்மை இல்ல. ருமட்டாய்டு இருக்கறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் வர்ற ஆபத்து மத்தவங்கள விட கூட, லூபஸ் கிட்னிய பிடிக்கும். அப்படி இறந்தா சர்ட்டிஃபிகேட்ல இதய நோய், கிட்னி நோய்னுதான் எழுதுவாங்க, நம்ம கணக்கு அங்க போய் சேந்துடும்.

எனக்கு ரொம்ப நாளா தோணற விஷயம் ஒண்ணு இருக்கு. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் போடற எல்லா திட்டத்துலயும் தினமும் நடங்க, உடற்பயிற்சி பண்ணுங்கன்னு இருக்கும். முட்டி வீங்கி கழிவறைக்கு சுவர பிடிச்சிட்டு போறவங்க எப்படிங்க நடப்பாங்க? மூட்டுக்கு வைத்தியம் பாக்காம மத்த திட்டம் எதுவும் நிறைய பேருக்கு வேலை செய்யாது. அதனால தனிப் பிரிவு கொடுக்கலன்னாலும் பரவால்ல, இருக்கற அஞ்சுலயும் எங்கள சேருங்கன்னு கேக்கலாம், அது நியாயமான கோரிக்கைன்னு நான் முழுசா நம்பறேன்.

ஐரோப்பிய யூனியன் நினைச்சா எல்லாத்தையும் மாத்திடுமா?

முடியாது. ஐரோப்பிய ஒப்பந்தத்தோட 168-ஆவது பிரிவுப்படி ஆஸ்பத்திரி நடத்தறது, டாக்டர் போடறது, இன்சூரன்ஸ் எதுக்கு கொடுக்கணும்ங்கறது எல்லாம் அந்தந்த நாட்டோட பொறுப்பு. யூனியன் அதுக்கு துணையாத்தான் நிக்கும். ஆனா ஆராய்ச்சிப் பணம், மருந்துக்கு அனுமதி, வேலை இட பாதுகாப்பு, ஊனமுற்றோர் உரிமை, ஒரு நாட்டுலேர்ந்து இன்னொரு நாட்டுக்கு போய் வைத்தியம் பாக்கறது, இதெல்லாம் அங்க முடிவாகுது. அதனால அப்பாயின்ட்மென்ட் கிடைக்கலன்னு யூனியன் ஆபீஸ் இருக்கற பிரஸ்ஸல்ஸுக்கு எழுதி பிரயோஜனம் இல்ல, அது உள்ளூர் ஆளுங்ககிட்ட போகணும். எந்த கதவ தட்டணும்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

யூலார் யூலார்னு சொல்றீங்களே, அது யாரு?

1947-ல ஆரம்பிச்ச ஐரோப்பிய வாத நோய் கூட்டமைப்பு, தலைமை ஆபீஸ் சூரிச் பக்கத்துல கில்ஷ்பெர்க்ல இருக்கு. டாக்டருங்க சங்கம், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் மாதிரி மத்த சுகாதாரப் பணியாளருங்க, நோயாளிகள் சங்கம்னு மூணு கையும் ஒரே அமைப்புக்குள்ள இருக்கறதுதான் அதோட பலம். பாலிசி பேசற இடத்துல டாக்டரும் நோயாளியும் பக்கத்து பக்கத்து சீட்டுல உக்காந்து ஒரே விஷயத்த சொன்னா கேக்கறவங்களுக்கு மறுக்கறது கஷ்டம்.

நோயாளிங்களுக்காக அவங்க நடத்தற ஒரு கட்டுரைப் போட்டியும் இருக்கு, எட்கர் ஸ்டெனே பரிசுன்னு பேரு. முதுகெலும்பு வாதத்தோட வாழ்ந்த நார்வேக்காரர் அவரு, அவங்க நாட்டு சங்கத்த கட்டி எழுப்பினதுல பெரிய பங்கு அவருக்கு. எழுத வர்றவங்க கண்டிப்பா பாருங்க.

இத்தனை வருஷத்துல ஏதாவது கிடைச்சுதா, இல்ல மீட்டிங் மட்டும்தானா?

கிடைச்சிருக்கு, ஆனா எல்லாத்துக்கும் ஒரே எடை கிடையாது.

2008-ல ஐரோப்பிய நாடாளுமன்றத்துல வாத நோய் பத்தி எழுத்துப்பூர்வ அறிவிப்பு ஒண்ணு நிறைவேறுச்சு, பாதிக்கு மேல உறுப்பினருங்க கையெழுத்து போட்டாங்க. 2010 அக்டோபர்ல ஐரோப்பிய யூனியன் தலைமைப் பொறுப்பு பெல்ஜியம்கிட்ட இருந்தப்ப வாத நோய் பத்தி பிரஸ்ஸல்ஸ் பிரகடனம் வந்துது. ரெண்டும் சட்டம் கிடையாது, யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதுக்கப்புறம் போற ஒவ்வொரு கூட்டத்துலயும் 'நீங்களே ஒத்துக்கிட்டதுதானே'ன்னு எடுத்து காட்ட ஒரு காகிதம் கையில இருக்கு.

உருப்படியா வேலை செய்யறதுன்னா 2017-ல ஆரம்பிச்ச ஐரோப்பிய ரெஃபரன்ஸ் நெட்வொர்க்குகள சொல்லுவேன். அரிய நோய்களுக்காக மொத்தம் 24 ஆரம்பிச்சாங்க, அதுல இணைப்புத் திசு நோய்களுக்கான ரீகனெக்ட் இத்தாலியில பீசாவுலேர்ந்து நடக்குது. ஸ்க்லீரோடெர்மா மாதிரி ஒரு நோயோட சின்ன நாட்டுல ஒருத்தர் இருந்தா, அவரு பை தூக்கிட்டு நாடு நாடா அலைய வேண்டியதில்ல, அவரோட டாக்டர் ரிப்போர்ட்ட அனுப்பி மத்த நாட்டு நிபுணருங்ககிட்ட ஆன்லைன்ல பேசலாம். ஆளுக்கு பதிலா ஃபைல் பயணம் பண்ணுது.

சீக்கிரம் கண்டுபிடிக்கணும்னு ஏன் அவ்வளவு அழுத்தி சொல்றீங்க?

ஏன்னா என் கையே சாட்சி. ஆரம்பத்துல ஈரத் துணிய பிழிய முடியல, அதுதான் முதல் அறிகுறி. அப்புறம் காலையில எழுந்தா விரல் மடங்காது, வெந்நீர்ல கைய வெச்சிட்டு உக்காந்திருப்பேன், பத்து மணிக்கு மேலதான் பல்லு தேய்க்கிற பிரஷ்ஷையே சரியா பிடிக்க வரும். குடும்ப டாக்டர் கம்ப்யூட்டர்ல அதிகமா டைப் பண்றீங்கன்னு சொன்னாரு, வலி மாத்திரை கொடுத்தாரு, ரத்தத்துல ஒண்ணும் பெரிசா தெரியலன்னாரு. வாத நோய் நிபுணர, அதாவது ருமாட்டாலஜிஸ்ட்ட பாக்க போன் பண்ணா ஏழு மாசம் கழிச்சு தேதி கொடுத்தாங்க. துணி பிழிய முடியாம போனதுலேர்ந்து சரியான மருந்து ஆரம்பிக்கிற வரைக்கும் மொத்தம் 14 மாசம். வலது கை நடுவிரல் அதுக்குள்ள வளைஞ்சிடுச்சு, இனிமே நிமிராது.

மூட்டு வீங்கினா ஆறு வாரத்துக்குள்ள ருமாட்டாலஜிஸ்ட் பாக்கணும், தொடர்ந்து இருக்கும்னு தெரிஞ்சா மூணு மாசத்துக்குள்ள நோய கட்டுப்படுத்தற மருந்து ஆரம்பிக்கணும்னு யூலார் பரிந்துரையே இருக்கு. அந்த நேரத்துல மருந்து கொடுத்தா நிறைய பேருக்கு மூட்டு அரிக்கறதுக்கு முன்னாடியே நோய அடக்கிடலாம். நெதர்லாந்துல லைடன்ல 1993-லயே ஆரம்ப நிலை ஆர்த்ரைட்டிஸுக்குன்னு தனி கிளினிக் வெச்சாங்க, குடும்ப டாக்டர் சந்தேகப்பட்டா உடனே அனுப்பலாம். அப்படின்னா வழி தெரியாம இல்ல, எல்லா ஊர்லயும் பண்ணலங்கறதுதான் விஷயம். முதுகெலும்பு வாதம் இன்னும் மோசம், ஐரோப்பாவுல 13 நாட்டுல கேட்டுப் பாத்ததுல முதல் வலிக்கும் நோய்க்கு பேரு வைக்கறதுக்கும் நடுவுல சராசரியா ஏழு வருஷத்துக்கு மேல போயிடுது. இருபத்தஞ்சு வயசு பையன் முப்பத்திரண்டு வயசு வரைக்கும் சேர் மாத்து, மெத்தை மாத்துன்னு கேட்டுட்டே இருக்கான்.

ராத்திரி ரெண்டாவது பாதியில வலி எழுப்புதா, படுத்தா கூடி நடந்தா குறையுதா, காலையில அரை மணிக்கு மேல விறைப்பு இருக்கா, யாராவது கை குலுக்கும்போது விரல் முட்டிங்க சேந்து அழுந்தினா கத்தணும் போல இருக்கா? இதுல ஒண்ணு இருந்தாலும் டாக்டர்கிட்ட இதே வார்த்தையில சொல்லுங்க. சும்மா வலிக்குதுன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க.

வேலைய விட்டு எடுத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு, சட்டம் எதுவும் இருக்கா?

இருக்கு. ஊனத்தால வேலையில பாகுபாடு காட்டக்கூடாது, முதலாளி நியாயமான மாற்றங்கள செஞ்சு கொடுக்கணும்னு 2000-லயே ஐரோப்பிய சட்டம் வந்துடுச்சு. ஆனா நாள்பட்ட நோய் ஊனமான்னு ஒரு கேள்வி இருந்துது. அதுக்கு 2013 ஏப்ரல்ல லக்சம்பர்க்ல இருக்கற ஐரோப்பிய நீதிமன்றம் பதில் சொல்லுச்சு. டென்மார்க்ல தீராத முதுகு வலியோட இருந்த ஒரு பெண், நிறைய லீவு எடுத்ததால வேலைய இழந்தவங்க, அவங்க வழக்கும் இன்னொரு வழக்கும் சேந்து போச்சு. குணமாகுமோ ஆகாதோ, நீண்ட நாள் நோயால மத்தவங்களுக்கு சமமா வேலை செய்ய முடியலன்னா அது ஊனம்தான்னு சொன்னாங்க, வேலை நேரத்த குறைக்கறதும் நியாயமான மாற்றம்தான்னு சொன்னாங்க. அந்த பெண் அப்புறம் வேற கம்பெனியில வாரத்துக்கு 20 மணி நேரம் ரிசப்ஷன்ல வேலை பாத்தாங்க, அங்க இருந்தது சாதாரண இடம்தான், உயரம் மாத்தற மேஜை மாதிரி விஷயங்களோட. இந்த தீர்ப்ப நான் எங்க போனாலும் சொல்லுவேன், ஏன்னா ஒரு மேஜையும் ஒரு டைம்டேபிளும் இருந்திருந்தா ஒருத்தர் வேலையில இருந்திருப்பாங்க.

ஜெர்மனியில இருக்கறவங்க ஊன அளவு 50-ன்னு வாங்கிட்டா ஊனமுற்றோர் கார்டு கிடைக்கும், வருஷத்துக்கு அஞ்சு நாள் கூடுதல் லீவு, வேலைய விட்டு நீக்கறதுக்கு எதிரா தனி பாதுகாப்பு. நம்ம ஆளுங்க நிறைய பேரு கிச்சன், கிளீனிங், கிடங்குன்னு கையால தூக்கற வேலையில இருக்காங்க, கார்டு வாங்கினா பேரு கெட்டுடும்னு விண்ணப்பமே போடறதில்ல. தயவுசெஞ்சு போடுங்க. முதலாளிகிட்ட காட்டணுமா வேண்டாமான்னு அப்புறமா யோசிக்கலாம்.

மருந்து விலை, மருந்து கிடைக்கறது பத்தி?

பயோலாஜிக் ஊசிங்க, அதாவது உயிருள்ள செல்லுல தயாரிக்கற மருந்துங்க, வந்தப்ப விலை தலை சுத்தும். 2013-ல இன்ஃப்ளிக்சிமாப்ங்கற ஊசியோட முதல் பயோசிமிலருக்கு, அதாவது கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு கம்பெனி தயாரிக்கற மருந்துக்கு, ஐரோப்பாவுல அனுமதி கிடைச்சுது, 2018 அக்டோபர்ல அடாலிமுமாப்ங்கற இன்னொரு ஊசிக்கும் நிறைய வந்துது, விலை நல்லா இறங்குச்சு. ஆனா இறங்கின விலையால மிச்சமான பணம் நம்ம நோய்க்கே திரும்ப வந்துதான்னு கேக்கறவங்க கம்மி, இது கேக்க வேண்டிய கேள்வி.

2020 கொரோனா நேரத்துல ஹைட்ராக்சிகுளோரோகுயின் பின்னாடி உலகமே ஓடுனப்ப லூபஸ் இருக்கறவங்க தினசரி மாத்திரைக்கு கடை கடையா அலைஞ்சாங்க. அப்ப நோயாளிகள் சங்கங்க போட்ட சத்தம் தேவையா இருந்துது.

அடுத்து வர்றத கவனிங்க: புது மருந்துங்கள ஐரோப்பா முழுக்க சேந்து மதிப்பிடற சட்டம் 2025 ஜனவரியில கேன்சர் மருந்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கு, 2030-ல எல்லா புது மருந்தும் அதுக்குள்ள வரும். அதுல நோயாளிங்க கருத்தும் கேப்பாங்க. எந்த மாற்றம் நமக்கு முக்கியம்னு, வீக்கம் குறையறதா, சோர்வு குறையறதா, அதெல்லாம் இப்பவே சொல்ல ஆள் தயார் பண்ணணும். என்னைக் கேட்டா சோர்வுன்னுதான் சொல்லுவேன்.

குழந்தைக்கும் வருமா?

வரும். 16 வயசுக்குள்ள ஆரம்பிச்சு ஆறு வாரத்துக்கு மேல மூட்டு வீக்கம் இருந்தா குழந்தைகள் ஆர்த்ரைட்டிஸான்னு பாக்கணும். கண்ணு உள்ள வலியே இல்லாம வீங்கலாம், அதனால கண் டாக்டர்கிட்ட தவறாம காட்டணும். வளர்ற வயசு வலின்னு தள்ளிப் போடாதீங்க.

அரசியல்வாதிகிட்ட போய் என்னன்னு பேசறது?

ஒரே ஒரு விஷயம் கேளுங்க. பத்து கேட்டா தலைய ஆட்டிட்டு போயிடுவாங்க.

எங்க ஸ்டால்ல ஒரு ஜோடி கையுறை வெச்சிருக்கோம், விரல் மடங்காத மாதிரி உள்ள கம்பி வெச்சு தெச்சது. ஒரு வருஷம் எங்க பகுதி பிரதிநிதி ஒருத்தர் வந்தாரு, ஃபோட்டோ எடுத்துட்டு கிளம்பற அவசரம். இத போட்டுட்டு சட்டை பட்டன் ஒண்ணு மாட்டுங்கன்னு சொன்னோம், அப்புறம் தண்ணி பாட்டில் மூடி. ஒரு பட்டனுக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு, மூடி திறக்கவே இல்ல. உதவியாளர் திறந்து கொடுக்க கை நீட்டினாங்க, அப்ப எங்க சங்கத்துல இருக்கற எழுபது வயசு அம்மா ஒருத்தங்க, 'எங்க வீட்ல உதவியாளர் கிடையாது'ன்னு அமைதியா சொன்னாங்க. அவரு கையுறைய கழட்டாம நின்னாரு. அதுக்கப்புறம்தான் நாங்க கேட்டோம், குடும்ப டாக்டருங்க சந்தேகப்படற கேஸுக்கு ஆறு வாரத்துல ஸ்லாட் கிடைக்க நம்ம மாவட்டத்துல என்ன தடைன்னு சுகாதாரத் துறைகிட்ட எழுத்துல கேளுங்கன்னு. கேட்டாரு, பதிலும் வந்துது. ருமாட்டாலஜிஸ்ட் பத்தலைன்னு எழுத்துல வந்த முதல் பதில் அதுதான் எங்களுக்கு.

எனக்கு ஐரோப்பிய சிட்டிசன்ஷிப் இல்ல, நான் பேசலாமா?

தாராளமா. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மனு போட குடிமகனா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, யூனியன் நாட்டுல சட்டப்படி வசிச்சா போதும், யூனியனோட 24 மொழியில எதுல வேணா எழுதலாம். கமிஷன் புது சட்டம் போடும்போது கருத்து கேக்கற போர்ட்டல் எல்லாருக்கும் திறந்திருக்கும். பத்து லட்சம் கையெழுத்து வாங்கற குடிமக்கள் முயற்சிக்கு மட்டும்தான் சிட்டிசன்ஷிப் வேணும். நாடாளுமன்றத்துல பொது சுகாதாரத்துக்குன்னு 2025-லேர்ந்து முழு கமிட்டி இருக்கு, உங்க நாட்டு உறுப்பினர் யாராவது அதுல இருந்தா அவங்களுக்கே எழுதுங்க.

சுவிஸ்லயும் பிரிட்டன்லயும் நார்வேயிலயும் இருக்கறவங்களுக்கு பிரஸ்ஸல்ஸ் கதவு இந்த அளவுக்கு திறக்காது, ஆனா அங்க எல்லாம் தேசிய சங்கங்க பலமா இருக்கு, அதுல சேருங்க.

இந்த சங்கங்களுக்கு மருந்து கம்பெனி காசு தருதே, எப்படி நம்பறது?

நியாயமான கேள்வி, இதுக்கு நான் கோபப்பட மாட்டேன். நிறைய சங்கங்க வாங்கறாங்க, மாநாடு நடத்த காசு வேணும், அரசாங்கம் கொடுக்கறது பத்தாது. நான் பாக்கறது மூணுதான். யாருகிட்ட எவ்வளவு வாங்கினாங்கன்னு வருஷா வருஷம் வெளியிடறாங்களா, ஒரே கம்பெனிய நம்பி இருக்காங்களா, மருந்த தவிர வேற எதையாவது கேக்கறாங்களா. உடற்பயிற்சி, பிசியோ, வேலை இட மாற்றம், நர்ஸ், இதெல்லாம் கேக்காம புது மருந்து மட்டுமே கேக்கற சங்கம்னா எனக்கு சந்தேகம் வரும். ஜெர்மனியோட வாத நோயாளிகள் சங்கமான ரோய்மா லீகாவோட பெரிய வேலையே வெந்நீர் குளத்துலயும் ஹால்லயும் நடக்கற குழு உடற்பயிற்சிதான், டாக்டர் எழுதிக் கொடுத்தா இன்சூரன்ஸ் பணம் கட்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த தண்ணியில இறங்கினாதான் எனக்கு வாரமே நகருது.

மொழி தெரியாத அப்பா அம்மாவுக்கு என்ன பண்றது?

இது நம்ம ஆளுங்களுக்கே உரிய பிரச்சினை, யாரும் நமக்காக பேச மாட்டாங்க. கடுப்பு, உளைச்சல், குடைச்சல், குத்தல், இழுக்கறது, விறைப்புன்னு நம்மகிட்ட எத்தனை வார்த்தை இருக்கு. கூட போற பிள்ளைங்க எல்லாத்தையும் ஒரே வார்த்தையில 'வலி'ன்னு மொழிபெயர்த்துடுவாங்க. டாக்டருக்கு வேண்டியதே அந்த வித்தியாசம்தான். எப்ப கூடுது, எப்ப குறையுது, காலையில எத்தனை நிமிஷம் விறைப்புன்னு வீட்லயே எழுதி எடுத்துட்டு போங்க.

ஆஸ்பத்திரியில ஒரு கேள்வித்தாள் கொடுப்பாங்க, பால் அட்டைப்பெட்டிய திறக்க முடியுதா, குழாய திருக முடியுதான்னு எல்லாம் இருக்கும். எங்க குழுவுல புதுசா வந்த ஒரு அக்கா எல்லாத்துக்கும் 'கஷ்டமில்ல'ன்னு டிக் பண்ணியிருந்தாங்க, ஏன்க்கான்னு கேட்டா பால் பெட்டிய கத்திரியால வெட்டிடறேன், குழாய மருமக திருகுவான்னாங்க. அப்ப சப்பாத்தி மாவு பிசைவீங்களா, குக்கர் மூடி திறப்பீங்களா, பேத்திக்கு தலை பின்னுவீங்களான்னு கேட்டேன். ஒண்ணொண்ணுக்கும் இல்லன்னு தலையாட்டினாங்க, பின்னறதுக்கு வந்தப்ப அழுதுட்டாங்க. அந்த மூணையும் அவங்க மகன் ஜெர்மன்ல எழுதி கேள்வித்தாளோட சேத்து கொடுத்தாரு, அடுத்த விசிட்ல டாக்டர் முதல்ல கேட்டதே பேத்தி ஜடை பத்தித்தான்.